வெறும் பெட்டி திரும்பாத ஊர்: பனையும் பண்டிகையும் நன்றியும்

நன்றி என்ற சொல்லை யாழ்ப்பாணத்துக் கிராமத்தவர்கள் அதிகம் வாய்விட்டுச் சொன்னவர்கள் அல்லர். அச்சொல் மேடைப் பேச்சின் முடிவில் வரும். அந்தியேட்டிக் கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில் வரும். அன்றாட வாழ்வில் அது செயலாகவே வழங்கிற்று. அயல் வீட்டிலிருந்து பலகாரம் வைத்து வந்த ஓலைப்பெட்டி வெறும் பெட்டியாகத் திரும்பிப் போகாது. ஒரு பிடி பயறோ, இரண்டு முருங்கைக்காயோ, ஒன்றுமே இல்லாதவிடத்துக் கையளவு அரிசியோ அதனுள் இருக்கும். "வெறும் பெட்டி குடுக்கக் கூடாது பிள்ளை" என்று எங்கள் ஆச்சிமார் சொல்லும்போது, அது தேவாரம் ஓதாமல் உண்ணக்கூடாது என்பதற்குச் சமமான கட்டளையாகவே ஒலித்தது.

பத்திரிகைத் துறையில் இருந்த காலம் முழுவதும் ஆண்டுதோறும் பண்டிகைச் சிறப்பிதழ்களைத் தயாரிக்கும் பணியில் பங்குகொண்டிருக்கிறேன். தைப்பொங்கல் என்றால் 'சூரியனுக்கு நன்றி கூறும் திருநாள்' என்ற தலைப்பு ஏதோ ஒரு பக்கத்தில் இடம்பெற்றே தீரும். அச்சிறப்பிதழ்களில் ஆன்மிகம் இருந்தது, இலக்கியம் இருந்தது, விளம்பரங்கள் நிறையவே இருந்தன. பொங்கற் பானைக்குத் திருகணை முடைந்தவர் யார், அரிசி புடைத்த சுளகை இழைத்தவர் யார், சர்க்கரைக்குப் பதிலாகப் பனங்கட்டி எப்படி வந்தது என்பன பற்றிய கட்டுரைகள் அவற்றில் அரிது. பண்டிகையின் பக்தி ஒரு பக்கம், கைப்பணியின் சிக்கனம் இன்னொரு பக்கம் என்று இரண்டையும் வேறாக்கிப் பார்க்கும் வழக்கம் எப்படியோ வந்துவிட்டது. எங்கள் மண்ணின் வரலாற்றைச் சற்று ஊன்றிப் பார்த்தால், இவை இரண்டும் ஒரே ஓலையின் இரு பக்கங்கள் என்பது தெரியவரும்.

ஆறில்லாத மண்ணின் மரம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு என்று ஒன்று இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். தரைக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை அக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கிக் கிணறுகளிற் தங்குகிறது. அந்த நீரைத் துலா மிதித்து, பட்டையால் இறைத்து வேளாண்மை செய்தவர்கள் எங்கள் முன்னோர். ஒவ்வொரு துளி நீருக்கும் ஒரு மனிதனின் வியர்வை விலையாகக் கொடுக்கப்பட்ட நாட்டில், விரயம் என்பது பாவமாகக் கருதப்பட்டதில் வியப்பில்லை.

நீரூற்றாமலே வளர்ந்து நின்ற மரம் பனை. அதனை நட்டவன் அதன் பயனை எளிதிற் காணான். முளைவிட்ட வடலி காய்க்கத் தொடங்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் செல்லும். 'தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான்' என்ற பழமொழி இதனாலேயே எழுந்தது. ஆகவே பனையின் பயனை நுகர்ந்த ஒவ்வொரு தலைமுறையும் தான் காணாத ஒருவருக்குக் கடன்பட்டிருந்தது. முன்னோர் வழிபாடு என்பது யாழ்ப்பாணத்தில் சடங்கு மட்டுமன்று. வளவின் எல்லையில் வரிசையாக நின்ற மரங்களும் அதனையே நினைவூட்டின.

அம்மரத்தில் வீணாகப் போன பகுதி எதுவும் இல்லை. குருத்தோலையில் நுண்ணிய பெட்டிகளும், சார்வோலையில் பாயும் கடகமும் இழைத்தார்கள். ஈர்க்கு விளக்குமாறாகவும் சுளகின் கட்டாகவும் ஆனது. மட்டையிலிருந்து நார் உரித்தார்கள். நீத்துப்பெட்டியில் பிட்டு அவிந்தது. கொட்டப்பெட்டியில் வெற்றிலையும் சில்லறையும் தங்கின. உமலில் மீன் வந்தது. குட்டானில் பனங்கட்டி உறைந்தது. நுங்கு வெட்டியபின் எஞ்சிய கோம்பை மாட்டுக்குப் போனது. பழத்தின் களி பாயிற் பரப்பப்பட்டு வெயிலிற் காய்ந்து பனாட்டாயிற்று. களி நீங்கிய விதை பாத்தியில் இடப்பட்டுக் கிழங்காயிற்று. கிழங்கைப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல்; அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். விதையைப் பிளந்தால் உள்ளே பூரான். எஞ்சிய ஊமலும் கரியாக்கப்பட்டுப் பயன்பட்டது. வீட்டுக் கூரையில் வேய்ந்து மக்கிய ஓலை புகையிலைத் தோட்டத்துக்குப் பசளையாகச் சென்றது. வீட்டைக் காத்த ஓலையே அடுத்த ஆண்டு பயிரையும் காத்தது என்க.

ஆங்கிலேயர் ஆட்சியின்போது வில்லியம் பேர்கசன் என்பவர் பனையைப் பற்றி ஒரு தனி நூலே எழுதி 1850இல் கொழும்பில் வெளியிட்டார். 'தால விலாசம்' என்னும் தமிழ்ப் பாடல் நூல் பனைக்கு 801 பயன்களைக் கூறுகிறது என்ற செய்தி அவர் வாயிலாகவே ஆங்கிலம் அறிந்த உலகுக்குப் பரவியது. அதற்கு முன்னரே, யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரை ஆண்ட ஒல்லாந்தர், பனஞ்சலாகைகளையும் பலகைகளையும் வெளியிடங்களுக்கு ஏற்றிப் பொருளீட்டினர். அவர்களுக்குப் பனை ஒரு வருமானக் கணக்கு. பேர்கசனுக்கு அது ஆராய்ச்சிப் பொருள். அதன் நிழலில் வாழ்ந்தவர்களுக்கோ அது அடுப்படி, படுக்கை, கூரை, ஏடு எல்லாமாக இருந்தது.

ஏடு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் அப்பாற் செல்ல இயலாது. விசயதசமியில் பிள்ளைக்கு ஏடு தொடக்கும்போது கையிற் கொடுத்தது பனையோலையே. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஊர் ஊராகத் தேடி எடுத்து அச்சேற்றிய பழந்தமிழ் நூல்கள் பனையோலையிலேயே உயிர் தங்கியிருந்தன. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் ஓலைச்சுவடிகளும் இருந்தன. அச்சிட்ட நூலுக்கு வேறொரு பிரதி எங்கேனும் கிடைக்கக்கூடும். ஒருவர் இருந்து எழுத்தாணியாற் கீறிய ஏட்டுக்கு அது இல்லை.

பனையின் ஆண்டும் பண்டிகையின் ஆண்டும்

எங்கள் பண்டிகைகளின் நாட்காட்டியையும் வீட்டுக் களஞ்சியத்தின் நாட்காட்டியையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

தை மாதத்தில் பெரும்போக நெல் முற்றுகிறது. பாத்தியிற் கிழங்கு கிண்டும் காலமும் அதுவே. தைப்பொங்கலன்று முற்றத்தைச் சாணத்தால் மெழுகி, மாக்கோலமிட்டு, மூன்று கல்லில் பானையேற்றுகிறார்கள். மறுநாள் பட்டிப் பொங்கல் மாட்டுக்கு. தைப்பூசத்தன்று புதிர் எடுத்தல். வயலிலிருந்து முதல் நெல்லை மங்கலமாகக் கொணர்ந்து அன்றே சமைத்து உண்பது. புதிர் எடுக்கும்வரை புது அரிசியைத் தொடாதிருந்தவர்களும் உண்டு. பசி இருந்தும் காத்திருந்தார்கள். கொடுத்தவனுக்கு முதலில், உண்பவனுக்குப் பின்னர் என்ற ஒழுங்கு அது.

சித்திரைப் புத்தாண்டில் மருத்துநீரும் கைவிசேடமும் வருகின்றன. கோயிலிற் காய்ச்சிய மூலிகை நீரைத் தலையில் வைப்பதற்கு எவரும் பெரும்பணம் செலவிடுவதில்லை. கைவிசேடமாகக் கொடுப்பதும் பெருந்தொகையன்று. வெற்றிலையில் வைத்த நாணயம். தொகையிலன்றிக் கையிலேயே விசேடம் இருந்தது.

ஆடிப்பிறப்பு வருவது யூலை நடுப்பகுதியில். அப்போது கருப்பநீர் இறக்கும் பருவம் ஏறக்குறைய முடிந்து, பனங்கட்டிக் குட்டான்கள் வீடுகளில் தங்கியிருக்கும். அரிசிமா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டி. இவ்வளவுதான் ஆடிக்கூழ். அதைக் குடிக்கக் கரண்டி தேவையில்லை; பழுத்த பலாவிலையை மடித்து ஈர்க்கினாற் குத்தினாற் போதும். கடைக்குப் போகாமலே ஒரு பண்டிகையை நிறைவேற்றலாம் என்பதற்கு ஆடிப்பிறப்பைவிடச் சிறந்த சான்று வேறில்லை. தங்கத் தாத்தா என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) அந்த நாளைச் சிறுவர் பாடலாக்கினார். பெரிய விழாக்கள் பல இருக்க, கூழும் கொழுக்கட்டையுமான ஒரு சிறிய நாளை அவர் தெரிந்தெடுத்தார். இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் பல தலைமுறைகளாக அதைப் பாடி வளர்ந்திருக்கிறார்கள்.

கார்த்திகை விளக்கீட்டில் சிட்டிகள் போதாவிடின் சிரட்டையும் விளக்காகும். வாசலில் வாழைக்குற்றி நட்டு அதன்மேல் தீபம் வைப்பார்கள். குலை வெட்டியபின் எறியப்படும் குற்றிக்கு அன்று ஓரிரவு மரியாதை. கோயில் வாசலில் காவோலை கட்டிச் சொக்கப்பனை கொளுத்துவார்கள்.

கிறிஸ்தவர் இல்லங்களிலும் இதே மனப்பாங்கு வேறுவடிவில் உண்டு. குருத்தோலை ஞாயிறன்று கோயிலிலிருந்து கொணர்ந்த ஓலைச் சிலுவை ஆண்டு முழுவதும் திருப்படத்தின் பின்னே செருகப்பட்டிருக்கும். மந்திரிக்கப்பட்ட பொருளைக் குப்பையில் இடலாகாது. அடுத்த ஆண்டு பழைய ஓலைகளை எரித்த சாம்பலே விபூதிப் புதனன்று நெற்றியில் இடப்படும். ஆர்ப்பரித்து வரவேற்ற ஓலை, மண்ணிலிருந்து வந்தவன் மண்ணுக்கே திரும்புவான் என்று நினைவூட்டும் சாம்பலாகிறது. எதையும் வீணாக்காத இச்சிக்கனத்தினுள் எத்துணை ஆழமான இறையியல் பொதிந்துள்ளது! 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி சித்திரைப் புத்தாண்டும் குருத்தோலை ஞாயிறும் ஒரே நாளில் வந்தன. ஏழு நாட்களின் பின்னர், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிற் குண்டுகள் வெடித்தன. அன்று திரும்பிவராதவர்களின் வீடுகளில், முதற் கிழமை அவர்கள் கையேந்தி வந்த ஓலைகள் இன்னும் வாடி முடிந்திரா.

இறக்குமதியும் இல்லாமையும்

1970 முதல் 1977 வரையிலான திருமதி பண்டாரநாயக்க அரசின் காலத்தில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வராததால் யாழ்ப்பாண விவசாயி தலைநிமிர்ந்தான். அதே காலத்தில் பாணுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற மக்கள் ஒடியல் மாவையும் குரக்கனையும் பனங்கட்டியையும் மீண்டும் தேடினர். 1977இல் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. பிளாஸ்ரிக் வாளியும் பொலித்தீன் பையும் கூடவே வந்தன. வாளி இலேசானது, மலிவானது, கழுவ எளிதானது. பெண்களின் உழைப்பைக் குறைத்ததையும் மறுக்க இயலாது. எனினும் கடகம் இழைத்தவளின் வருவாயை அந்த வாளி விழுங்கிற்று. பனை அபிவிருத்திச் சபை 1978இல் நிறுவப்பட்டது என்பதை இவ்விடத்தில் நினைவிற் கொள்ளலாம். மக்களின் கையிலிருந்து ஒரு பொருள் நழுவத் தொடங்கிய வேளையிலேயே அதனைக் காக்க ஒரு சபை தேவைப்பட்டது.

தடைக்காலத்துப் பொங்கல்

1990 யூனில் மீண்டும் போர் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், மின்கலம், உரம், சீமெந்து எனத் தடைசெய்யப்பட்ட அல்லது கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டது. அவ்வாண்டு ஒக்ரோபரில் வடபகுதி முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். சோனகதெருவில் நோன்புக் கஞ்சி காய்ச்சிய அடுப்புகள் அணைந்தன. தடைக்காலத்தின் துன்பத்தைப் பேசும் நாம் இதனை விட்டுவிட்டுப் பேசுவோமாயின் நமது நினைவு நேர்மையானதாக இராது.

அந்த ஆண்டுகளில் பழைய சிக்கனம் உயிர்காக்கும் கலையாக மீண்டெழுந்தது. ஜாம் போத்தலின் அடியில் சிறிது பஞ்சு, அதன்மேல் சில துளி மண்ணெண்ணெய், கம்பியிற் கோத்த ஒரு திரி. போத்தலின் கண்ணாடியே காற்றைத் தடுக்கும் சிமினியாயிற்று. அந்த விளக்கிற் படித்துப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகம் புகுந்தவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். சவர்க்காரம் அரிதான வீடுகளில் பனம்பழக் களியால் துணி வெளுத்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு உயிர் கொடுத்தார்கள். அச்சுத்தாள் இன்றி யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாளிலும் கிடைத்த வண்ணத் தாளிலும் வெளிவந்தன. கோடுகளுக்குக் குறுக்கே செய்தி படித்த வாசகர்கள் அவர்கள். ஒரு பிரதியைப் பத்து வீட்டார் படித்தனர். படித்தபின் அது கடையிற் சரையாயிற்று.

1995 யூலை 9ஆம் திகதி 'முன்னேறிப் பாய்தல்' படைநடவடிக்கை தொடங்கிய நாளில், இடம்பெயர்ந்த மக்கள் தங்கியிருந்த நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயப் பகுதியில் விமானக் குண்டுகள் வீழ்ந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆடிப்பிறப்பு அதற்கு அடுத்த கிழமை. ஆடிப்பிறப்பைப் பாடிய புலவரின் ஊரில் அவ்வாண்டு அந்த நாள் எவ்வாறு கழிந்திருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். அவ்வாண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து, கொட்டும் மழையில் செம்மணியூடாகவும் நாவற்குழியூடாகவும் தென்மராட்சிக்குச் சென்றனர்.

அதன்பின் வந்த 1996ஆம் ஆண்டுத் தைப்பொங்கலை நான் தென்மராட்சியிற் கண்டேன். பாடசாலைக் கட்டடம் ஒன்றின் ஓரத்தில், பனையோலைத் தட்டி மறைப்புக்கு முன்னால், ஒரு தாய் பால்மாப் பேணியிற் பொங்கிக்கொண்டிருந்தார். நிவாரண அரிசி, ஒரு துண்டுப் பனங்கட்டி, பால் இல்லை. பேணியின் வாயில் மஞ்சள் இலை கட்டியிருந்தது. "அம்மா, இந்த நிலையிலும் பொங்கவேணுமோ?" என்று பத்திரிகைக்காரன் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "தம்பி, சூரியன் இண்டைக்கும் வந்திட்டுதெல்லோ. வந்தவரை வெறுங்கையோட அனுப்பலாமோ?" என்றார்.

வெறும் பெட்டி கொடுக்கக் கூடாது என்ற அதே கட்டளைதான் அது. இல்லாமையின் விளிம்பில் நின்றும் அவர் தம்மைப் பெறுபவராக மட்டும் காண மறுத்தார். கொடுப்பதற்கு ஏதோ ஒன்று தம்மிடம் எஞ்சியிருக்கிறது என்று நம்பினார். நம்பிக்கை என்பதற்கு எத்தனையோ சமய விளக்கங்களைப் படித்திருக்கிறேன். எனக்கு விளங்கிய விளக்கம் அந்தப் பால்மாப் பேணியில் இருந்தது.

புகழ்ச்சியில் மறையும் உண்மை

இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. பழைமையைப் போற்றும் கட்டுரைகள் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். ஓலைப்பெட்டியின் அழகைப் பாடுவோர் அதைப் பெற்றுத் தந்த மரத்தில் ஏறியவரைப் பாடுவதில்லை.

விடியுமுன் பனையேறிய தொழிலாளியின் நெஞ்சும் கால்களும் தழும்பேறியவை. தவறி வீழ்ந்தால் குடும்பமே வீழ்ந்தது. அவரது கருப்பநீரிலிருந்து காய்ச்சிய பனங்கட்டி கோயில் மடைப்பள்ளிக்குட் சென்றது. அவர் செல்லக் கூடாது என்றிருந்தது. இன்று நாம் நயந்து பேசும் பிளாவும் சிரட்டையும், வீட்டு மூக்குப்பேணியில் நீர் பெறத் தகாதவர் என்று ஒதுக்கப்பட்டோருக்கு நீட்டப்பட்ட பாத்திரங்களாகவும் இருந்தன. ஒரே பிளா ஒருவருக்கு விருந்தின் நினைவு. மற்றொருவருக்கு அவமானத்தின் நினைவு. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை ஒழிப்பு ஊர்வலமும், தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும், 1968இல் மாவிட்டபுரத்தில் எழுந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் அந்த அவமானத்துக்கு எதிரான குரல்களே.

எனவே மரபுக்கு நன்றி கூறுவோர் யாருக்கு நன்றி கூறுகிறோம் என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். மரத்துக்கும் சூரியனுக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்லிவிட்டு மனிதரை மறந்த சமூகம், பாதிப் பெட்டியையே நிரப்பித் திருப்பியிருக்கிறது. 1970களில் உருவான பனை, தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் அத்தொழிலாளர்க்குத் தமது உழைப்பின் பயனைத் தாமே பெறும் வழியைக் காட்டின. அவ்வழி இன்னும் முழுமையாகக் கடக்கப்படவில்லை. மகன் இத்தொழிலுக்கு வரக்கூடாது என்று தந்தை விரும்பினால், அதற்குரிய காரணம் சோம்பல் அன்று, வரலாறு.

மீண்டும் ஒரு வரிசைக்காலம்

போரிற் பனைகள் பெருந்தொகையாக அழிந்தன. எறிகணையிற் தலையிழந்து மொட்டையாய் நின்றவை ஒருபுறம். பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் குற்றியாகத் தறிக்கப்பட்டவை மறுபுறம். தறித்தவர்கள் எத்தரப்பினராயினும், வீழ்ந்தது ஒரு தலைமுறையின் காத்திருப்பு. 2009இல் போர் முடிந்தபின் பாதை திறந்தது, பொருள்கள் வந்தன, கடைகள் நிறைந்தன. திருமண மண்டபங்களில் வாழையிலை போல அச்சிட்ட பொலித்தீன் தாளில் விருந்து நடந்ததையும் கண்டோம். 2017 செப்ரெம்பர் முதலாம் திகதி மதிய உணவுத் தாள் உள்ளிட்ட சில பொலித்தீன் பொருள்களை அரசு தடைசெய்தபோது, மாற்று என்ன என்று எல்லோரும் வினவினர். மாற்று எமது வளவில் நின்றது.

பின்னர் 2022 வந்தது. அந்நியச் செலாவணி வற்றி, ஏப்ரலில் இலங்கை தனது வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. தாள் இன்றிக் கொழும்புப் பத்திரிகைகள் சில தமது சனிக்கிழமைப் பதிப்பையே நிறுத்தின. கொப்பித் தாளிற் பத்திரிகை அச்சிட்ட நாட்டுப்பகுதியைச் சேர்ந்த எமக்கு அந்தச் செய்தி விசித்திரமான உணர்வைத் தந்தது. அவ்வாண்டு யூலை 13ஆம் திகதி சனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறினார். மறுநாள் பதவி விலகினார். சில நாட்களில் ஆடிப்பிறப்பு. சீனியின் விலை ஏறியிருந்தாலும் பனங்கட்டி இருந்தது. எரிவாயு இல்லாவிடினும் விறகும் மட்டையும் இருந்தன. பல வீடுகளிற் கூழ் காய்ச்சினார்கள்.

இதனைக் கொண்டு வறுமையே மேன்மை என்று நான் வாதிட வரவில்லை. தடையையும் பஞ்சத்தையும் அனுபவித்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார். பிள்ளைக்குப் பால் இல்லாத தாயிடம் சிக்கனத்தின் சிறப்பைப் போதிப்பது கொடுமை. நான் சொல்ல வருவது வேறு. இல்லாத காலத்தில் மக்களைத் தாங்கிய அறிவு, இருந்த காலத்தில் பண்டிகை என்ற பெயரால் பாதுகாக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை கூழ் காய்ச்சியதால் கூழ் காய்ச்சத் தெரிந்தது. ஆண்டுக்கு ஒருமுறை சிரட்டையில் விளக்கேற்றியதால் இருளில் அது நினைவுக்கு வந்தது. விடுமுறை நாளில் விளையாட்டாகக் கற்றது இடர் நாளில் உணவும் ஒளியுமாயிற்று. எங்கள் முன்னோர் பண்டிகைகளுக்குள் ஒளித்துவைத்துச் சென்ற முதுசம் இதுவே.

அம்முதுசம் இப்போது இரண்டு வழிகளிற் கரைகிறது. ஒன்று, சொற்கள் போகின்றன. கடகம், நீத்துப்பெட்டி, கொட்டப்பெட்டி, உமல், குட்டான், பிளா என்பவை யாவும் இளையோர் பலருக்கு 'ஓலைப்பெட்டி' என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிவிட்டன. பொருளின் பெயர் போனால் அதனை இழைக்கும் முறையும் போகும். ஒவ்வொன்றுக்கும் ஓலை வாரும் அகலமே வேறு. மற்றொன்று, கைகள் போகின்றன. இழைக்கத் தெரிந்த பெண்களிற் பலர் முதியோர். அவர்களிடம் பெட்டி வாங்கப் போகும் நாம், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினருக்கு நினைவுப்பொருளாகக் கொடுக்கும்போது பெருமை பேசுகிறோம். வாங்கும்போது ஐம்பது ரூபாவுக்குப் பேரம் பேசுகிறோம். ஒரு நாள் முழுவதும் குனிந்திருந்து இழைத்த பெட்டிக்கு அவர் கேட்ட விலையைக் கொடுப்பது, தைப்பொங்கலில் ஏற்றும் தீபத்துக்குக் குறைந்த வழிபாடு அன்று.

அண்மைய ஆண்டுகளில் வடக்கிலும் தீவகத்திலும் மாரிக்கு முன்னர் பனம்விதை நடும் இளைஞர்களைப் பார்க்கிறேன். சாக்கு நிறைய விதையுடன் குளக்கரையிலும் வீதியோரத்திலும் குழி வெட்டுகிறார்கள். அவர்களுட் சிலர் வேலை தேடி நாட்டைவிட்டுப் போகக் காத்திருப்பவர்கள். அவை காய்க்கும் காலத்தில் தாங்கள் எந்த நாட்டில் இருப்போம் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே நடுகிறார்கள்.